ஓஆர்எஸ்ல சர்க்கரை எதுக்கு? செல் சவ்வைத் தாண்டி எது எப்படி உள்ள போகுது?

உங்க பையன் ப்ளஸ் ஒன்ல செல் சவ்வு பாடம் படிச்சுட்டு இருந்தவன், பேதிக்குக் குடுக்கற ஓஆர்எஸ்ல உப்பு இருக்கறது சரி, சர்க்கரை எதுக்குன்னு கேட்டான், நீங்க உடம்புக்குத் தெம்பு வரணும்ல அதுக்குத்தான்னு சொன்னீங்க, அது சரியான்னு கேட்டிருக்கீங்க. தெம்புக்கு இல்லைங்க. ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ல மொத்தமே 13.5 கிராம் க்ளூக்கோஸ்தான் இருக்கு, கணக்குப் போட்டா ஐம்பத்தி சொச்சம் கலோரி, ஒரு இட்லி சாப்பிட்டாலே அவ்வளவு கிட்ட வந்துரும். அந்தச் சர்க்கரை அங்க இருக்கறதே உப்பைக் குடல் செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போகத்தான். உப்பு உள்ள போனா தண்ணி தானா பின்னாடி போகும். இது மட்டும் புரிஞ்சுட்டா அந்தப் பாடத்துல பாதி புரிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல சவ்வு. அது ஃபாஸ்ஃபோலிப்பிட்ங்கற கொழுப்பு மூலக்கூறு ரெண்டு அடுக்கா நிக்கறது, மொத்த தடிமனே சுமார் 5 நானோமீட்டர். தண்ணிய விரும்பற தலை ரெண்டு பக்கமும் வெளிய பாத்து இருக்கும், தண்ணியோட ஒட்டாத வால் நடுவுல உள்ளுக்குள்ள இருக்கும். ரெண்டு அடுக்குன்னு 1925-லயே ஹாலந்துல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சாங்க, சிவப்பணுல இருந்து கொழுப்பைப் பிரிச்சு எடுத்து தண்ணி மேல ஒரே அடுக்கா பரப்பிப் பாத்தா அந்த செல்களோட மேற்பரப்பை விட ரெண்டு மடங்கு இடத்தைப் பிடிச்சுது. அந்தக் காலத்துல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கூட கிடையாது, வெறும் தட்டுல பரப்பி அளந்தே சொல்லிட்டாங்க.

நடுவுல இருக்கற அந்த எண்ணெய்ப் பகுதிதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு மாதிரி சின்ன, மின்சுமை இல்லாத மூலக்கூறு எல்லாம் அது வழியா அப்படியே நுழைஞ்சு போயிரும், இதுதான் பாடத்துல வர்ற எளிய பரவல், இதுல மேல சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா உப்புல இருக்கற சோடியம் அயனி மின்சுமையோட இருக்கு, அதைச் சுத்தி தண்ணி மூலக்கூறுகள் ஒட்டிட்டு இருக்கும், அதெல்லாத்தையும் உதறிட்டு எண்ணெய்க்குள்ள போறதுங்கறது நடக்காத காரியம். க்ளூக்கோஸ்ல சுமை இல்ல, ஆனா அது பெருசு, உடம்பு பூரா தண்ணியப் பிடிச்சுக்கற ஓஎச் குழுக்கள், அதனால அதுவும் போகாது. அப்ப உப்பு, சர்க்கரை ரெண்டுமே தனியா விட்டா சவ்வுக்கு வெளியவே நிக்க வேண்டிய பொருள்தான். உள்ள போகணும்னா சவ்வுல பதிஞ்சிருக்கற புரதம் ஏதாவது ஒண்ணு கூட்டிட்டுப் போகணும்.

தண்ணி இதுக்கு நடுவுல. கொழுப்பு அடுக்கு வழியாவே ஓரளவு கசியும், ஆனா சிவப்பணுலயும் கிட்னிலயும் போற வேகத்துக்கு அந்தக் கசிவு பத்தாதுன்னு ரொம்ப நாளா சந்தேகம் இருந்துச்சு. பீட்டர் ஆக்ரேங்கற அமெரிக்க டாக்டர் ரத்த குரூப் சம்பந்தமான ஒரு புரதத்தைத் தேடிட்டு இருந்தப்ப கூடவே இன்னொரு சின்ன புரதம் வந்துட்டே இருந்துச்சு, அதை விடாம துரத்தி 1992-ல அவரோட குழு ஒரு சோதனை பண்ணாங்க. தவளை முட்டைய சாதா தண்ணில போட்டா ஒண்ணும் ஆகாது, குளத்துல இட்ட முட்டை வெடிச்சா தவளை இனமே இருக்காதே. அந்த முட்டைக்குள்ள இந்தப் புரதத்தோட ஆர்என்ஏவை, அதாவது அதை எப்படிச் செய்யணும்னு செல்லுக்குச் சொல்ற குறிப்பை, ஊசி போட்டு, புரதம் உருவானதும் நீர்த்த கரைசல்ல போட்டாங்க, கொஞ்ச நிமிஷத்துல முட்டை ஊதி வெடிச்சிருச்சு. அதுதான் அக்வாபோரின், தண்ணிக்குன்னே இருக்கற சேனல், 2003-ல அவருக்கு நோபல் கிடைச்சுது. தண்ணி மூலக்கூறு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா போகும், வினாடிக்கு நூறு கோடிக்கு மேல, ஆனா ஒரு புரோட்டான் கூட கூடவே நழுவ முடியாது.

இங்க பையனுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. தண்ணிய இழுத்து உள்ள போடற பம்ப்னு எந்த செல்லுலயும் கிடையாது. தண்ணி எப்பவும் கரைபொருள் அதிகமா இருக்கற பக்கம்தான் போகும், சவ்வூடு பரவல்னு புத்தகத்துல இருக்கறது அதுதான். அதனால குடல் தண்ணிய உறிஞ்சணும்னா அதுக்கு இருக்கற ஒரே வழி முதல்ல உப்பை நகர்த்தறதுதான். ஒரு நாளைக்கு நம்ம குடலுக்குள்ள வர்ற திரவம் சுமார் 9 லிட்டர், அதுல நாம குடிக்கறது சாப்பிடறதுல வர்றது 2 லிட்டர்தான், மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கறது. இவ்வளவும் திரும்ப உறிஞ்சப்பட்டு கடைசில மலத்துல போறது 100, 200 மில்லிதான். அந்த ஒன்பது லிட்டரும் சோடியத்துக்குப் பின்னாடி போற தண்ணிதான்.

சரி, சோடியம் எப்படி போகுது? மாடி டேங்க் மாதிரி யோசிங்க. கரண்ட் செலவு பண்ணி மோட்டார் போட்டு தண்ணிய மேல ஏத்தி வெச்சுட்டா அப்புறம் குழாயத் திறந்தா போதும், தானா இறங்கும், இறங்கற வேகத்துல வேற வேலையும் வாங்கிக்கலாம். செல்லுல அந்த மோட்டார்தான் சோடியம் பொட்டாசியம் பம்ப். டென்மார்க்ல ஆர்ஹூஸ் யூனிவர்சிட்டில யென்ஸ் ஸ்கோ நண்டுக் கால் நரம்ப வெச்சு 1957-ல இதைக் கண்டுபிடிச்சார், நாற்பது வருஷம் கழிச்சு 1997-ல நோபல் வந்துச்சு. ஏடிபின்னா செல்லுக்கு எரிபொருள் மாதிரி இருக்கற மூலக்கூறு, அதுல ஒண்ணை செலவு பண்ணி 3 சோடியத்தை வெளிய தள்ளும், 2 பொட்டாசியத்தை உள்ள எடுக்கும். இது நிக்காம ஓடறதால செல்லுக்கு வெளிய சோடியம் சுமார் 140 மில்லிமோலார் (செறிவை அளக்கற அலகு), உள்ள வெறும் 10, 15. நாம சும்மா உக்காந்திருக்கறப்ப உடம்பு செலவழிக்கற சக்தில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இந்த ஒரு பம்ப்புக்கே போகுது, அவ்வளவு முக்கியம் இது. அதோட செல்லுக்கு உள்ள நெகட்டிவ் சுமை இருக்கறதால பாசிட்டிவான சோடியத்துக்கு உள்ள வர ரெட்டை இழுப்பு, ஆனா வழி இல்ல, சவ்வு விடாது.

இப்பதான் சர்க்கரை வருது. சிறுகுடல் செல்லுல உணவு இருக்கற பக்கத்துல எஸ்ஜிஎல்டி ஒண்ணுன்னு ஒரு டிரான்ஸ்போர்ட்டர் புரதம் இருக்கு. அதுல 2 சோடியம் அயனிக்கும் 1 க்ளூக்கோஸுக்கும் இடம். சோடியம் ரெண்டும் ஒட்டினதும் புரதத்தோட வடிவம் மாறி க்ளூக்கோஸ் உக்கார்ற இடம் தயாராகும், மூணும் சேர்ந்ததும் புரதம் வெளிப்பக்கம் மூடி உள்பக்கம் திறக்கும், மூணும் செல்லுக்குள்ள விழும். சர்க்கரை இல்லாம உப்பு இதுல போகாது, உப்பு இல்லாம சர்க்கரையும் போகாது. சோடியம் இறங்கற வேகத்துல க்ளூக்கோஸ் ஏறிப் போகுது, செல்லுக்குள்ள ஏற்கனவே க்ளூக்கோஸ் அதிகமா இருந்தாலும் கூட. உள்ள வந்த சோடியத்தை மறுபக்கத்துல, அதாவது ரத்தம் இருக்கற பக்கத்துல இருக்கற அந்தப் பம்ப் வெளிய தள்ளிரும், க்ளூக்கோஸ் க்ளூட் ரெண்டுங்கற இன்னொரு புரதம் வழியா பம்ப் எதுவும் இல்லாம இறங்கிப் போயிரும். ரத்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தா தண்ணி பின்னாடியே வரும். பாடத்துல நாலஞ்சு தலைப்பா பிரிச்சு வெச்சிருக்கற எளிய பரவல், எளிதாக்கப்பட்ட பரவல் (க்ளூட் ரெண்டு பண்றது), செயல்மிகு கடத்தல் (பம்ப் பண்றது), சவ்வூடு பரவல் எல்லாம் இந்த ஒரே செல்லுல ஒரே நேரத்துல நடக்குது, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஓடாது. தனித்தனியா மனப்பாடம் பண்றதால பசங்களுக்கு இது தெரியாமலே போயிருது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

இந்த ஜோடிப் பயணத்தை முதல்ல சொன்னவர் ராபர்ட் கிரேன், 1960 ஆகஸ்ட்ல ப்ராக்ல நடந்த கூட்டத்துல. அதுக்கு முன்னாடி சர்க்கரைய ஏத்தறதுக்கு ஏடிபி நேரடியா செலவாகுதுன்னுதான் பலரும் நினைச்சாங்க. 1987-ல எர்னஸ்ட் ரைட் குழு அந்தப் புரதத்தோட ஜீனையே பிரிச்சு எடுத்தாங்க, அதுக்கும் தவளை முட்டைதான் உதவுச்சு.

இப்ப காலராவுக்கு வருவோம், ஓஆர்எஸ் பிறந்ததே அங்கதான். காலரா கிருமி குடலுக்குள்ளயே நுழைஞ்சு அரிக்கறது இல்ல, மேல உக்காந்துட்டு ஒரு நச்சுப் புரதத்தை விடுது, அந்த நச்சுதான் எல்லாத்தையும் பண்ணுதுன்னு 1959-ல கல்கத்தால சம்பு நாத் டே முயல் குடலைக் கட்டி சோதனை பண்ணிக் காட்டினார். வாழ்ந்த காலத்துல அவருக்குக் கிடைச்ச மரியாதை ரொம்பக் குறைவு, இந்த விஷயத்தைப் பேசறப்ப அவர் பேரைச் சொல்லாம தாண்டிப் போக எனக்கு மனசு வராது.

அந்த நச்சு எப்படி உள்ள போகுதுங்கறதும் உங்க பையன் பாடம்தான். அது பெரிய புரதம், எந்தச் சேனல்லயும் டிரான்ஸ்போர்ட்டர்லயும் நுழையாது. செல்லோட வெளிப்பக்கத்துல இருக்கற ஜிஎம் ஒண்ணுங்கற ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பிடிச்சுக்குது, சவ்வு அந்த இடத்துல உள்பக்கமா குழிஞ்சு, அப்புறம் பை மாதிரி கிள்ளிட்டு செல்லுக்குள்ள போயிருது, நச்சும் அதுக்குள்ள. இதுதான் எண்டோசைட்டோசிஸ். நல்ல காரியத்துக்கும் இதே வழிதான், நம்ம செல்கள் எல்டிஎல் கொலஸ்ட்ராலை ரத்தத்துல இருந்து எடுத்துக்கறது இப்படித்தான், அதுக்கான ரிசப்டரைக் கண்டுபிடிச்சதுக்கு பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல நோபல் வாங்கினாங்க. மாடு வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு உதாரணம் நல்லாவே புரியும், சீம்பால். கன்னுக்குட்டிக்கு வயித்துல இருக்கறப்ப தாய்கிட்ட இருந்து நோய் எதிர்ப்புப் புரதம் வர்றது இல்ல, பிறந்த பிறகு சீம்பால்லதான் வரணும். அந்தப் புரதத்தை செரிக்காம முழுசா அப்படியே எண்டோசைட்டோசிஸ்ல எடுத்து ரத்தத்துக்கு அனுப்பற திறமை கன்னோட குடல் செல்லுக்கு முதல் 24 மணி நேரம் வரைக்கும்தான் இருக்கும், அதுலயும் முதல் சில மணி நேரத்துல தான் நல்லா நடக்கும், அப்புறம் அந்த வழி மூடிக்கும். அதனால சீம்பால் பாத்திரத்துக்குப் போறதுக்கு முன்னாடி கன்னு வயிறு நிறைய குடிச்சிருக்கணும், இதை விளையாட்டா எடுத்துக்கக் கூடாது.

நச்சுக்கு வருவோம். உள்ள போனதும் அது செல்லுல சைக்ளிக் ஏஎம்பிங்கற, உள்ளுக்குள்ள செய்தி சொல்ற மூலக்கூறை ஏத்தி விட்டுருது, அதனால சிஎஃப்டிஆர்ங்கற குளோரைடு சேனல் திறந்தபடியே நின்னுருது. குளோரைடு குடலுக்குள்ள கொட்டும், சோடியம் பின்னாடி போகும், தண்ணி அது பின்னாடி. அதோட, சர்க்கரை துணை இல்லாம உப்பை உறிஞ்சற சாதாரண வழியையும் அது அடைச்சிருது. தீவிரமா இருந்தா மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணி போகலாம், பெரியவங்களே சில மணி நேரத்துல உயிரை விட்டுருவாங்க. வெறும் உப்புத் தண்ணி குடிச்சா உறிஞ்சற வழி அடைஞ்சிருக்கு, அப்படியே வெளிய போகும். வெறும் சர்க்கரைத் தண்ணிலயும் பிரயோஜனம் இல்ல, போன உப்பு திரும்ப வரலையே.

ஆனா அந்த நச்சு எஸ்ஜிஎல்டி ஒண்ணைத் தொடறது இல்ல. அவ்வளவு நாசத்துக்கு நடுவுலயும் அந்த ஒரு வழி வேலை செஞ்சுட்டே இருக்கு, ஓஆர்எஸ்ங்கறது முழுக்க முழுக்க அந்த ஒரு வழிய நம்பித்தான் இருக்கு. 1968-ல டாக்காவுல டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ரெண்டு பேரும் காலரா நோயாளிகளுக்கு உப்பு க்ளூக்கோஸ் கரைசலை வாய் வழியா குடுத்து, ட்ரிப்ஸ் தேவை பெருமளவு குறையுதுன்னு காட்டினாங்க. அப்பவும் பல டாக்டர்களுக்கு நம்பிக்கை வரல. 1971-ல வங்காளதேசப் போர்ல அகதிகள் லட்சக்கணக்குல மேற்கு வங்கத்துக்குள்ள வந்தாங்க, எல்லையில பங்காவ்ன் முகாம்ல காலரா, தரையில படுக்க வெச்சிருந்தாங்க, சலைன் பாட்டில் தீந்து போச்சு. அங்க இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் க்ளூக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்புன்னு பொட்டலம் கட்ட வெச்சு, டிரம்ல கரைச்சு, கூட வந்த சொந்தக்காரங்க கையிலயே கப்பைக் குடுத்து ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் போல இருந்த சாவு 3.6 சதவீதமா இறங்குச்சு. நர்ஸோ ஊசியோ இல்லாம ஒரு அம்மாவோ அண்ணனோ குடுத்தே உயிரைக் காப்பாத்தலாம்னு ஆச்சு. 2022-ல அவர் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

அந்தப் புரதம்தான் காரணம்னு எப்படி உறுதியா சொல்றதுன்னு பையன் கேட்டா, அபூர்வமா சில குழந்தைங்க எஸ்ஜிஎல்டி ஒண்ணுல கோளாறோட பிறக்குதுங்க. தாய்ப்பால் குடிச்ச முதல் சில நாள்லயே கடுமையான பேதி, பால்ல இருக்கற லாக்டோஸ் உடைஞ்சு வர்ற க்ளூக்கோஸும் காலக்டோஸும் உள்ள போக வழி இல்லாம குடல்லயே தங்கி தண்ணிய இழுக்குது. பழச்சர்க்கரைக்கு க்ளூட் அஞ்சுன்னு வேற டிரான்ஸ்போர்ட்டர் இருக்கறதால ஃப்ரக்டோஸ் வெச்ச பால் பவுடர் குடுத்தா நின்னுரும். ஒரு புரதம் இல்லைன்னா என்ன ஆகும்னு இதை விடத் தெளிவா காட்ட முடியாது.

அளவு ஏன் முக்கியம்னும் இப்பப் புரியும். இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓஆர்எஸ்ல லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், க்ளூக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மில்லிமோல் கணக்குல பாத்தா சோடியம் 75, க்ளூக்கோஸும் 75, மொத்த ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைஞ்சிருக்கற எல்லாத் துகளும் சேர்ந்த செறிவு, 245, ரத்தத்தை விடக் கொஞ்சம் கம்மி. 2002-க்கு முன்னாடி இது 311 இருந்துச்சு, குறைச்ச பிறகு குழந்தைங்களுக்கு பேதியும் வாந்தியும் குறைஞ்சுது. சர்க்கரைய அள்ளிப் போட்டா டிரான்ஸ்போர்ட்டர் கொள்ளற அளவுக்கு மேல இருக்கறது குடல்லயே நின்னு, ரத்தத்துல இருக்கற தண்ணிய குடலுக்குள்ள இழுக்கும், அதாவது பேதி கூடும். கூல்டிரிங்க்ஸ், பாட்டில் ஜூஸ் எல்லாம் இந்த 245-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல, சோடியமோ பேருக்குத்தான். டெட்ரா பாக்கெட்ல ஓஆர்எஸ்னு பேரு போட்டு இனிப்புத் தண்ணி விக்கறதை எதிர்த்து ஒரு குழந்தை டாக்டர் பல வருஷம் போராடி, 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐங்கற மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பேரையே பானங்கள்ல போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. வாங்கறப்ப மெடிக்கல்ல டபிள்யூஎச்ஓ ஃபார்முலான்னு இருக்கறதா பாத்து வாங்குங்க. பாக்கெட் எத்தனை தண்ணிக்குன்னு போட்டிருக்கோ அத்தனை தண்ணி, 200 மில்லி பாக்கெட்டும் இருக்கு, லிட்டர் பாக்கெட்டும் இருக்கு, பாதி பாக்கெட் கண்ணளவுல போடறது வேண்டாம்.

பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தட்டையா 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வீட்டுச் சர்க்கரை குடல்ல உடைஞ்சு பாதி க்ளூக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸா ஆகும், அதனாலதான் கிராம் கணக்குல பாக்கெட்டை விட அதிகமா போடறோம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது, அதுல இருக்கற மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு க்ளூக்கோஸ் வரும், ஒரேயடியா ஆஸ்மோலாரிட்டி ஏறாது, காலராவுல அரிசி ஓஆர்எஸ் நல்லா வேலை செஞ்சதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. கஞ்சில உப்பு போட மறந்தா மட்டும் பிரயோஜனம் இல்ல.

கடைசியா நீங்க கேட்ட விஷயம், வீட்டுல சுகர் இருக்கற பெரியவங்க இதைக் குடிக்கலாமா. பேதில தண்ணி வத்தறப்ப கண்டிப்பா குடிக்கலாம், லிட்டருக்கு 13.5 கிராம்தான், அதுக்குப் பயந்து குடிக்காம இருக்கறதுதான் ஆபத்து, சுகரை மட்டும் அடிக்கடி செக் பண்ணிக்குங்க. ஆனா அவங்க டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறாங்களான்னு பாருங்க. கிட்னில ஒரு நாளைக்கு சுமார் 180 கிராம் க்ளூக்கோஸ் வடிகட்டப்பட்டு கிட்டத்தட்ட முழுசும் திரும்ப எடுக்கப்படுது, அதுல பெரும்பங்கை எடுக்கறது எஸ்ஜிஎல்டி ரெண்டு, குடல்ல இருக்கறதோட கூடப் பிறந்தது. அந்த மாத்திரை அதை அடைக்குது, சர்க்கரை சிறுநீர்ல போயிரும், கூடவே தண்ணியும் உப்பும் கொஞ்சம் போகும். பேதி வாந்தி இருக்கற நாள்ல அதைத் தற்காலிகமா நிறுத்தணுமான்னு டாக்டருக்கு போன் போட்டு உடனே கேட்டுக்குங்க, மெட்ஃபார்மினுக்கும் இதையே கேளுங்க, நீங்களா முடிவு பண்ண வேண்டாம்.

குழந்தைக்குக் குடுக்கறப்ப ஸ்பூன் ஸ்பூனா, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு திரும்ப மெதுவா. ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதுக்கும் 50-ல இருந்து 100 மில்லி, கலக்கினது 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ஜிங்க்கும் டாக்டர்கிட்ட கேட்டு சேத்துக்குங்க. கண்ணு உள்ள போயிருந்தாலோ, குழந்தை துவண்டு போய் குடிக்கவே முடியலைன்னாலோ, மலத்துல ரத்தம் இருந்தாலோ வீட்டுல வெச்சுப் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருங்க, போற வழியிலயும் குடிக்க முடிஞ்சா ஸ்பூன்ல குடுத்துட்டே போங்க.